வாயுவே வில்லாகும் வண்டி

பொம்மிடியைச் சூழ்ந்த சிற்றூர்களில் வயது முதிர்ந்தவர்களைக் கேட்டால், கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை உடனே சொல்லிவிடுவார்கள். நெல் மூட்டையும் புளி மூட்டையும் ஏறியவை கட்டை வண்டிகள். மணப்பெண்ணும் நோயாளியும் ஏறியவை வில் வண்டிகள். அச்சுக்கும் வண்டியின் கூட்டுக்கும் நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்த எஃகுத் தகடுகள் இருந்தால் அது வில் வண்டி. லாரியின் அடியிலும் அதே அடுக்கைத்தான் காண்கிறோம். பட்டறைகளில் அதற்குப் ‘பட்டை’ என்று பெயர். உடைந்த லாரிப் பட்டையை வாங்கி அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் இன்றும் உள்ளனர். வளைந்து வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்ட எஃகு ஆதலால் அதன் வாய் எளிதில் மழுங்குவதில்லை.

வில்லின் பணி என்ன? சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறும்போது, அந்த அதிர்ச்சியை வில் தன்னுள் வாங்கிக்கொள்கிறது; பிறகு சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கிறது. வாங்கிக் கொடுக்கும் இப்பணியைச் செய்வதற்கு எஃகுதான் வேண்டும் என்பதில்லை. மொரப்பூருக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள பொம்மிடி ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். சரக்கு வண்டிகளின் சக்கரங்களுக்கு இடையே தடித்த சுருள்விற்களைக் காணலாம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே ஓடும் ‘வந்தே பாரத்’ வண்டியோ, பெரம்பூர்த் தொழிற்சாலையில் உருவான வடிவமைப்பு. அதன் பெட்டிகளைத் தாங்குபவை காற்று நிரம்பிய ரப்பர்ப் பைகள். காற்றே அங்கே வில்லாக நிற்கிறது.

இதை அறிய ரயில்வரையிற்கூடப் போகவேண்டியதில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளுங்கள். முதலில் எளிதாக இறங்கும், போகப்போகக் கடினமாகும், கையை எடுத்தால் தானே மேலே எழும். வாயுவின் கனஅளவு பாதியானால் அதன் அழுத்தம் இருமடங்காகும் என்று ராபர்ட் பாயில் 1662-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒரு மோட்டார் வண்டியின் தாங்கமைப்பு முழுவதும் அந்த ஒரு விதியின்மேல் ஓடக்கூடும் என்பதும், பழைய வண்டி ஒன்றை வீட்டிலேயே திருத்த முற்படுபவர் அவ்விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதும்தான் இப்பேச்சின் பொருள்.

வாயு ஒன்றே வில்லாக இருக்கும்போது, திரவம் எதற்கு? வாயுவை உலக்கை போன்ற ஒரு தண்டினால் நேரே அழுத்தினால், அத்தண்டின் ஓரத்தில் அது கசிந்துகொண்டே இருக்கும். திரவத்தை அடைத்து வைப்பது அதைவிட எளிது. ஆகவே சக்கரம் தண்டைத் தள்ளுகிறது. தண்டு திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் ஒரு ரப்பர்ச் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வுக்கு அப்பால் அடைபட்டிருக்கும் வாயு சுருங்குகிறது. திரவம் ஏறத்தாழ அழுந்தாத பொருள். எனவே அது வில்லாக இருக்க இயலாது. செய்தி கொண்டுபோகும் தூதனாகவே இருக்கிறது. வேறு இரண்டு வேலைகளும் அதற்கு உண்டு. சிறு துளையின் வழியே புகுந்து வரவேண்டியிருப்பதால், வண்டி ஓயாமல் ஊஞ்சலாடுவதைத் தடுக்கிறது. கூடுதலாகத் திரவத்தை உள்ளே செலுத்தினால் வண்டி உயர்கிறது, வெளியேற்றினால் தாழ்கிறது. இந்தக் கடைசிப் பண்பு மிக வசதியானது. வீட்டில் திருத்துவோரை ஏமாற்றுவதும் இதுவே.

இம்முறையைச் சாலைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றவர்கள் பிரான்சு நாட்டுச் சித்ரோயன் நிறுவனத்தார். அங்கே பணியாற்றிய பால் மாழெஸ் என்பவர் வகுத்த அமைப்பு, 1954-ஆம் ஆண்டு ஒரு வண்டியின் பின்சக்கரங்களுக்கு மட்டும் பொருத்தப்பட்டது. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த ‘டி.எஸ்.’ என்னும் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் அது அமைந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்புக் கோளம்; அதனுள் ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் எண்ணெய். எஞ்சினால் சுழலும் ஒரு பம்பு சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 175 கிலோகிராம் வரையிலான அழுத்தத்தில் எண்ணெயைச் சேமித்து வைக்கும். ஐந்து பேர் ஏறி வண்டி தாழ்ந்தால், உயரம் காக்கும் ஒரு வால்வு தானே திறந்து, எண்ணெயை உட்செலுத்தி, பழைய உயரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்துவிடும். 1962 ஆகஸ்டு 22-ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் டிகாலைக் கொல்ல முயன்றவர்கள் அவருடைய டி.எஸ். வண்டியைச் சுட்டபோது டயர்கள் துளைபட்டும் வண்டி நிலை தடுமாறாமல் தப்பிச் சென்றது என்பது பலரும் அறிந்த செய்தி.

ஆங்கில நாட்டில் இதே எண்ணம் வேறு வடிவம் கொண்டது. அலெக்ஸ் மோல்டன் என்னும் பொறியியலாளரின் முன்னோர் 1848-ஆம் ஆண்டிலேயே பிராட்போர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரில் ரப்பர்த் தொழிற்சாலை நிறுவியவர்கள். ரப்பரை வில்லாக்கி, அதனோடு திரவத்தையும் சேர்த்து அவர் செய்த ‘ஹைட்ரோலாஸ்டிக்’ அமைப்பு 1962-இல் மாரிஸ் 1100 வண்டியில் வந்தது. பின்பு ரப்பருக்குப் பதிலாக நைட்ரஜனை வைத்து ‘ஹைட்ராகாஸ்’ ஆக்கினார். 1973-இல் ஆஸ்டின் அலெக்ரோ, 1980-இல் மெட்ரோ, 1995-இல் எம்.ஜி.எப். ஆகிய வண்டிகள் அதன்மேல் ஓடின. அலெக்ரோவிலும் எம்.ஜி.எப்.பிலும் முன்சக்கரத்தின் கலமும் அதே பக்கத்துப் பின்சக்கரத்தின் கலமும் ஒரு குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறியதும், அங்கிருந்து தள்ளுண்ட திரவத்தில் ஒரு பகுதி பின்னே ஓடி, பின்பக்கத்தையும் சற்று உயர்த்தும். அதனால் வண்டி தலையாட்டிக்கொண்டு போகாமல் சமமாக எழுந்து சமமாக இறங்கும். அரை அடி அகலக் குழாயன்று. விரலளவுகூட இல்லாத குழாய்தான் இவ்வளவையும் செய்கிறது. எளிமையில் இதற்கு இணையான ஏற்பாட்டை மோட்டார் வண்டிகளில் நான் அதிகமாகக் கண்டதில்லை.

நம் நாட்டில் இக்கார்கள் மிக அரியவை. ஆனால் இக்கொள்கை நமக்குப் புறம்பானதன்று. சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்து, அங்கேயே உள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலை கட்டும் ‘அர்ஜுன்’ டாங்கியைத் தாங்குவது எஃகு வில் அன்று. வாயுவும் எண்ணெயும் சேர்ந்த அமைப்பே. பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கலம். 1974-ஆம் ஆண்டு தொடங்கிய அத்திட்டத்தின் முதல் டாங்கிகள் 2004-இல் படையில் சேர்ந்தன. திருத்திய வடிவமான ‘மார்க்-1ஏ’ 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. கரடு முரடான நிலத்தில் ஓடும் அறுபது டன் எடைக்கு வாயு தோள் கொடுக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். விமானம் தரையிறங்கும்போது அதன் கால்களில் அதிர்ச்சியை ஏற்பதும் இவ்விரு பொருள்களே.

இனி, பழைய வண்டியை வைத்திருப்பவருடைய தொல்லைக்கு வருவோம். ரப்பர்ச் சவ்வு நம் கண்ணுக்கு இடைவெளியற்றதாகத் தோன்றினாலும், வாயுவின் மூலக்கூறுகள் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அதனூடே சென்றுவிடுகின்றன. சித்ரோயன் வண்டிகளுக்குப் புதிய கோளங்கள் கிடைக்கின்றன, கழற்றி மாற்றிவிடலாம். ஆங்கிலக் கலங்களின் நிலை வேறு. 2002-ஆம் ஆண்டு எம்.ஜி. நிறுவனம் தன் கடைசி வண்டியையும் சுருள்வில்லுக்கு மாற்றியபின், அக்கலங்களைச் செய்வார் இல்லாமற் போயினர். உள்ள கலங்களோ தொழிற்சாலையில் வாயு நிரப்பி நிலையாக மூடப்பட்டவை. மீண்டும் நிரப்ப வாயில் வைக்கவில்லை. வண்டி தாழ்ந்துபோயிற்று. என்ன செய்வது?

பட்டறைக்காரர் எளிய வழி ஒன்றைச் சொல்லுவார்: “திரவத்தை ஏற்றுங்கள்.” ஏற்றியதும் வண்டி எழுந்து நிற்கும். அளவுமானியில் பார்த்தால் அழுத்தமும் சரியாகவே இருக்கும். உரிமையாளர் மகிழ்ச்சியோடு சாலையில் இறங்குவார். முதற் பள்ளத்திலேயே முதுகெலும்பு அதிரும். எல்லாம் சரியாக இருந்தும் ஏன் இப்படி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சக்கரத்தின்மேல் உள்ள பாரம் 300 கிலோகிராம் என்றும், தண்டின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். அப்படியானால், பாரத்தைத் தாங்கி நிற்கத் திரவத்தின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோகிராம் இருக்கவேண்டும். இந்த 30 என்பதை முடிவு செய்வது யார்? பாரமும் பரப்பும்தாம். உள்ளே வாயு நிறைய இருந்தாலும் 30. குறைய இருந்தாலும் 30. அளவுமானி வண்டியின் எடையைச் சொல்லுகிறதே ஒழிய, வாயுவின் அளவைச் சொல்லவில்லை. இந்த ஒரு கருத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால், மற்றவை தாமே விளங்கும்.

நல்ல நிலையில் உள்ள கலத்தில், அந்த அழுத்தத்தில், வாயு 300 கன சென்டிமீட்டர் இருக்கிறது என்போம். சக்கரம் ஒரு மேட்டில் ஏறித் தண்டு 5 சென்டிமீட்டர் உள்ளே போகிறது. 50 கன சென்டிமீட்டர் திரவம் புகுந்து, வாயு 250-க்குச் சுருங்குகிறது. பாயில் விதிப்படி அழுத்தம் 36 ஆகும். வண்டியின்மேல் கூடுதலாக ஏறிய விசை 60 கிலோகிராம். மிருதுவான தூக்கல்.

வாயுவில் பாதி கசிந்துவிட்டது. குறைந்த இடத்தைத் திரவத்தால் நிரப்பி வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். அழுத்தம் முன்போலவே 30. வாயு மட்டும் 150 கன சென்டிமீட்டர். அதே மேடு, வாயு 100-க்குச் சுருங்கும், அழுத்தம் 45. கூடுதல் விசை 150 கிலோகிராம்.

முக்கால் பங்கு கசிந்துவிட்ட கலத்தில் எஞ்சியிருப்பது 75. அதே மேட்டில் அது 25 ஆகிறது; அழுத்தம் 90; கூடுதல் விசை 600 கிலோகிராம்! வண்டியின் அந்த மூலையில் இருக்கும் எடையைப்போல் இருமடங்கு விசை கீழிருந்து குத்துகிறது. சக்கரத்தின் அச்சும், சட்டகத்தின் மூட்டுகளும், பயணியின் முதுகும் அதைத் தாங்கவேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வண்டி மூன்று நிலையிலும் ஒரே உயரம். அளவுமானிக்கு மூன்று நிலையிலும் ஒரே எண். கணக்கு எளிதாகும்பொருட்டு வெளிக்காற்றின் அழுத்தத்தையும், விரைவாக அழுந்தும் வாயு சூடேறி இன்னும் விறைப்பாகும் என்பதையும் இங்கே விட்டுவிட்டேன். மேல் வகுப்பு மாணவர்கள் அவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாம் நிலை இன்னும் மோசமாகும்.

அலைவுகளை எண்ணியும் இதே உண்மையைக் காணலாம். அதிர்வைத் தணிக்கும் தடை ஏதும் இல்லை என்று கொண்டால், மேற்சொன்ன வண்டி முதல் நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 55 முறை எழுந்து தாழும். இரண்டாம் நிலையில் 77. மூன்றாம் நிலையில் 109. மெதுவான அலைவை நம் உடல் எளிதாகப் பொறுக்கிறது. நூறைத் தாண்டினால் அது பயணமாக இராது.

ஆகவே செய்யத்தக்க திருத்தம், திரவத்தைக் கூட்டுவதன்று. போன வாயுவை மீட்பது. ஆங்கில நாட்டு ஆர்வலர்கள் சிலர் வீட்டுக் கொட்டகைகளிலேயே இதைச் செய்யத் தொடங்கினர். கலத்தின் தலைப்பகுதியில் துளையிட்டு, மரை வெட்டி, டயருக்கு இருப்பதுபோன்ற, ஆனால் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கவல்ல ஒரு சிறு வால்வைப் பொருத்துகின்றனர். அதன் வழியே நைட்ரஜனை ஏற்றிவிட்டால், கலம் மீண்டும் புத்துயிர் பெறுகிறது. சில ஆண்டுகள் சென்று மறுபடியும் குறைந்தால், மறுபடியும் ஏற்றலாம். மூடிய கலத்தைத் திறந்த கலமாக்கும் இந்த மாறுதல் கைப்பிடி அளவினது. ஆனால் செய்வார் இன்றிப்போன ஒரு பொருளைக் காப்பாற்றும் மாறுதல்.

வாயுவை அளப்பதிலும் முறை உண்டு. வண்டி தன் கால்களில் நிற்கும்போது அளந்தால், முன்பு சொன்ன அதே 30-தான் வரும். அது எடையின் எண். திரவம் முழுவதையும் வெளியேற்றிவிட்டு அளக்கவேண்டும். அப்போது சவ்வு பின்வாங்கி, வாயு கலம் முழுவதும் பரவும். கலத்தின் கொள்ளளவு 450 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நல்ல கலத்தில் 20 காட்டும். பாதி கசிந்ததில் 10. முக்கால் கசிந்ததில் 5. இப்போதுதான் அளவுமானி உண்மை பேசுகிறது.

பொம்மிடி போன்ற ஓர் ஊரில் இவ்வளவு அழுத்தத்தில் நைட்ரஜனுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். டயர்க் கடைகளில் ‘நைட்ரஜன் காற்று’ என்று பலகை தொங்குகிறது, ஆனால் அந்த யந்திரம் டயருக்கு வேண்டிய சிறு அழுத்தத்தையே தரும், இவ்வேலைக்குப் போதாது. கார் பட்டறைகளைவிட இதை நன்கு அறிந்தவர் ஒருவர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கருங்கல் குவாரிகளில் இருக்கிறார். ‘பொக்லைன்’ என்று நாம் வழங்கும் மண்வெட்டும் யந்திரத்தின் நுனியில், பாறை உடைக்கும் ‘பிரேக்கர்’ ஒன்றைப் பூட்டுவார்கள் அல்லவா? அதன் தலைப்பகுதியில் நைட்ரஜன் அடைபட்டிருக்கிறது. எண்ணெயின் அழுத்தத்தால் சம்மட்டித் தண்டு மேலே போகும்போது வாயுவை அழுத்துகிறது. கீழே வரும்போது அந்த வாயு விரிந்து அடியின் வலிமையைக் கூட்டுகிறது. அந்த வாயுவும் நாளடைவில் குறையும். குறைந்தால் அடி மந்தமாகும். அதனால் பிரேக்கர் பழுது பார்ப்பவரிடம் நைட்ரஜன் உருளையும், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரும், அளவுமானியோடு கூடிய குழாயும் இருக்கும். பழைய ஆங்கிலக் காருக்கும் பாறை உடைக்கும் யந்திரத்துக்கும் மருத்துவர் ஒருவரே. பொக்லைன் என்னும் சொல்லும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரே என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

ஆயினும் சில ஆபத்துகளை அழுத்தமாகச் சொல்லாமல் மேலே செல்லலாகாது. வெல்டிங் பட்டறையில் பிராணவாயு உருளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். “அதுவும் வாயுதானே, அதை ஏற்றிவிடுவோம்” என்று நினைப்பவர் உயிரோடு விளையாடுகிறார். மிகுந்த அழுத்தத்தில் உள்ள பிராணவாயுவும் எண்ணெயும் சந்தித்தால், நெருப்புப் பொறி இல்லாமலே வெடிக்கக்கூடும். நைட்ரஜனைத் தேர்ந்தெடுத்த காரணமே அது எதனோடும் எளிதில் சேராது என்பதுதான். நம் நாட்டுத் தர விதிகளின்படி தொழிற்சாலைப் பிராணவாயு உருளைக்குக் கறுப்பு நிறமும், நைட்ரஜன் உருளைக்குச் சாம்பல் நிற உடலும் கறுப்புக் கழுத்தும் உண்டு. உருளையின்மேல் எழுதியுள்ள பெயரையும் படிக்கவேண்டும். நிறத்தை மட்டும் நம்பலாகாது. நிரம்பிய உருளையில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோகிராம் இருக்கும்; 20 வேண்டிய கலத்தில் ரெகுலேட்டர் இன்றி அதைத் திறந்துவிட்டால் கலம் குண்டாகிவிடும்.

திரவத்தை வெளியேற்றிவிட்டோம் என்பதால் கலம் வெறுமையாகிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. சவ்வுக்கு அப்பால் மிச்ச வாயு அடைபட்டே இருக்கிறது. துளையிடும்போது அது பீறிட்டு வரும். துளையிட்ட இரும்புத் துருவல் உள்ளே விழுந்து தங்கினால், முதல் ஓட்டத்திலேயே சவ்வைக் கிழித்துவிடும். திரவமும் சாதுவானதன்று. ஊசித்துளை போன்ற கசிவிலிருந்து பாயும் திரவம் தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே ஒரு புள்ளி மட்டுமே தெரியும். உள்ளே சதை அழுகும். கசிவைத் தேடும்போது விரலால் தடவாமல் ஓர் அட்டையைப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்பது அதனால்தான். திரவம் இறங்கினால் இவ்வண்டி தரையோடு படுத்துவிடும். அடியில் புகுமுன் உறுதியான முட்டுகளைக் கொடுக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்தவர்களின் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. மாணவர்கள் இக்கணக்கை வீட்டில் தாராளமாகப் போடலாம். துளையிடுவதையும் வாயு ஏற்றுவதையும் அதில் கைதேர்ந்தவர் அருகிருக்கச் செய்வதே முறை.

எந்தத் திரவம் என்பதும் முக்கியம். ஆங்கிலக் கலங்களில் இருப்பது நீரும் ஆல்கஹாலும் துருத்தடுக்கும் மருந்தும் சேர்ந்த கலவை. சித்ரோயன் வண்டிகளிலோ 1966-க்கு முன்பு ஒருவகைச் சிவப்புத் திரவமும், பின்பு பச்சை நிறக் கனிம எண்ணெயும் வழங்கின. சிவப்புக்கான ரப்பர் வளையங்கள் பச்சையில் கெடும். பச்சைக்கானவை சிவப்பில் கெடும். கடையில் கிடைக்கும் பிரேக் எண்ணெயை ஊற்றி ஒரே வாரத்தில் எல்லா வளையங்களையும் ஊதவைத்தவர்கள் உண்டு.

இத்தனை தொல்லை எதற்கு, சுருள்வில்லை மாட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கின்றனர். சில வண்டிகளுக்கு அதற்கான உறுப்புகளும் விற்பனையாகின்றன. நாள்தோறும் வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும் என்பவருக்கு அதுவே அறிவுள்ள வழியாக இருக்கலாம். ஆனால் வண்டியின் சட்டகத்தை வெட்டி ஒட்டவைக்கவேண்டிய நிலை வந்தால் சிந்திக்கவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2021-ஆம் ஆண்டு வகுத்த பழம்பெரும் வண்டிகளுக்கான விதிகளோ, ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டி சட்டகத்திலும் கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாறுதல் இன்றி மூல வடிவத்தோடு இருந்தால்தான் அதற்குரிய பதிவைத் தருகின்றன. வால்வு ஒன்றைப் பொருத்தி வாயு ஏற்றிய வண்டி மோல்டன் எண்ணியபடியே ஓடுகிறது. சுருள்வில் மாட்டிய வண்டியில் முன்னும் பின்னும் பேசிக்கொள்ளும் அந்தக் குழாய்க்கு வேலையில்லை. அருங்காட்சியகத்தில் நிறுத்திப் பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே; ஓட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றல்ல.

கடைசியாக, நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு சொல். வாயு ஏற்றுவதற்கான அளவுகள் பெரும்பாலும் 20 பாகை வெப்பத்துக்கு எழுதப்பட்டவை. சித்திரை மாதத்து நடுப்பகலில் பொம்மிடியில் 38 பாகை இருக்கும்போது அதே 20 என்னும் எண்ணுக்கு ஏற்றினால், வாயு ஏறத்தாழ நூற்றில் ஆறு பங்கு குறைவாகவே ஏறியிருக்கும். அவ்வேளையில் அளவுமானி 21-ஐச் சற்றே தாண்டும்வரை ஏற்றவேண்டும். அதேபோல், பம்பு இல்லாத இவ்வண்டிகளின் உயரமும் பருவத்தோடு மாறும். 38 பாகையில் 300 கன சென்டிமீட்டராக இருந்த வாயு, மார்கழி விடியலில் 18 பாகைக்கு இறங்கும்போது 281-க்குச் சுருங்கும். நாம் எடுத்துக்கொண்ட தண்டின் அளவுக்கு அது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். நேற்று மாலை சரியாக நின்ற வண்டி இன்று காலையில் தாழ்ந்து நிற்பதைக் கண்டதும் திரவப் பம்பை எடுத்து ஓடவேண்டியதில்லை. சேர்வராயன் மலைக்குமேல் வெயில் ஏறும்வரை பொறுத்திருந்து, நேற்று அளந்த அதே நேரத்தில் அளந்து பார்த்தால் போதும்.